விற்றவர் வீடு

வாசலில் புதிதாகப் பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஓட்டலின் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழே சின்ன எழுத்தில் '1865 முதல்'. வருஷம் எங்கிருந்து கிடைத்தது என்று மேலாளரைக் கேட்டேன். கையை உயர்த்திக் கூரையைக் காட்டினார். பழுதுபார்க்க ஓடுகளை இறக்கியபோது ஒவ்வோர் ஓட்டிலும் பாசல் மிஷன் என்ற பெயரோடு 1865 என்று அச்சு இருந்ததாம். சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் பார்த்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனாராம்.

1865 என்பது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். மிட்டாய்க் கடைக்காரர் தன் கடை திறந்த வருஷத்தை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்வதுபோல, பிற்பாடு சுட்ட ஓடுகளிலும் அவர்கள் அந்த எண்ணையே போட்டுவந்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் அல்வா நேற்றுக் கிண்டியதுதான். இந்த ஓடுகள் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறியது 1953-ல். நாகப்பட்டினத்தில் புயலில் சாய்ந்த கிடங்கு ஒன்றின் ஓடுகளைத் தாத்தா மலிவாகப் பேசி வாங்கிவந்தார். வண்டியிலிருந்து இறக்கி அடுக்கிய பொடியன்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அதே தெருவில் நாலு வீடு தள்ளித்தான் இன்றும் இருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். விற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில், காவிரிக்கரை அக்கிரகாரத்தில் இருக்கிறது வீடு. முகப்பு குறுகல்; உள்ளே போகப்போக முடியாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கொல்லை, அதற்கப்பால் படித்துறை. எல்லாக் கதவையும் திறந்துவைத்தால் தெருவில் நிற்பவனுக்கு ஆறு தெரியும். கட்டியவர் பெரிய ஐயர். முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துக் கட்டினார். கூடத்து உத்திரங்கள் பர்மாத் தேக்கு. கூரை மட்டும் நாட்டு ஓடு. கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பத்தாயம். ஏணி போட்டு ஏறி மேலே நெல்லைக் கொட்ட வேண்டும், கீழே சின்னக் கதவு வழியாக எடுக்க வேண்டும். பெரிய ஐயர் அதற்கு எதிரில் ஊஞ்சல் போட்டுக்கொண்டார். நிலத்தை அவர் வருஷத்துக்கு இரண்டு தரம் பார்த்தார், பத்தாயத்தை நாள் முழுக்கப் பார்த்தார்.

என் தாத்தா அந்தப் பத்தாயத்தில் நெல் கொட்டியவர்களில் ஒருவர். குத்தகைக்காரர். வருவது கொல்லைப் பக்கமாக. முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை; சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத காலம்.

இரண்டாங்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் உள் உண்டு. பெரிய ஐயரின் தமக்கை, பத்து வயசில் தாலி அறுத்தவள், நார்மடியோடு ஆயுசு முழுக்க அதில்தான் இருந்தாள். பத்தாயத்துச் சாவி அவள் இடுப்பில். ஐயருக்கு நெல் வேண்டுமானாலும் அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று என் அப்பாயி சொல்லுவாள். எங்கள் காலத்தில் அந்த உள்ளில் தவிட்டு மூட்டை கிடந்தது. இப்போது அது புதுமணத் தம்பதிகளுக்கான தனி அறை. ஜன்னல் இன்னும் வைக்கவில்லை. அதுதான் அதன் விசேஷம் என்று விலைப்பட்டியலில் வேறு மாதிரி வார்த்தையில் போட்டிருக்கிறார்கள்.

பெரிய ஐயரின் பிள்ளைகள் மூன்று பேரும் மதராஸுக்குப் போனார்கள். படித்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள், கோடை விடுமுறைக்கு வந்து மாம்பழம் தின்றார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் மதராஸில் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது மூன்று குடும்பமும் ஒரே ரயிலில் வந்து இறங்கின. அந்த வீடு கட்டியதிலிருந்து முழுசாக நிரம்பியது அந்த ஒரு தடவைதான். மூத்தவர் மனைவிக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை என்று குறை. இளையவர் மனைவிக்கு மின்விளக்கு இல்லை என்று குறை. கிழவி சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. பட்டணத்தில் குண்டு விழாது என்று தெரிந்ததும் வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்கள். நிலபுலன், பூர்வீகம், காவிரித் தண்ணீர் என்று அவர்கள் மதராஸில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1952-ல் தஞ்சாவூர் மிராசுதாருக்குப் புயல் இரண்டு. முதலாவது ஆகஸ்டில், கோட்டையிலிருந்து. ராஜாஜி முதலமைச்சர். ஒரு வேலி நிலத்துக்கு மேல் வைத்திருப்பவர் குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவசரச் சட்டம் வந்தது. அதுவரை தாத்தாவுக்கு நாலில் ஒரு பங்கு மிஞ்சினாலே தை மாசம் சந்தோஷமாகப் பிறக்கும். ராஜாஜியைத் தங்களவராக நினைத்திருந்த தெரு அது. வாரக்கணக்கில் திண்ணைகளில் வேறு பேச்சே இல்லையாம். இரண்டாவது புயல் நவம்பர் 30-ஆம் தேதி, நிஜமான புயல். எங்கள் பக்கத்தில் நந்தன வருஷத்துப் புயல் என்பார்கள். நாட்டு ஓடு மொத்தமும் பறந்தது. கொல்லையில் நின்ற தென்னை மாட்டுக்கொட்டிலின் மேல் விழுந்தது. பெரிய ஐயர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். தம்பிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூத்தவர், சின்ன ஐயர், மதராஸிலிருந்து வந்து இறங்கினார். முற்றத்தில் நின்று ஆகாயத்தைப் பார்த்தார். கூடத்தில் நின்றாலும் ஆகாயம்தான் தெரிந்தது. விற்றுவிடலாம் என்று தீர்மானித்தார்.

வாங்க ஆள்? அதே வருஷம் ஜூனில் நெல், அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி எடுத்திருந்தார். யுத்தம் முடிந்த கையோடு ஒரு ஆயில் எஞ்சினும் ஹல்லரும் வாங்கிப் போட்டிருந்த தாத்தாவின் கையில் காசு புரள ஆரம்பித்த நேரம். ஆக, ஐயர் வீட்டை வாங்கத் தாத்தாவுக்கு உதவியது ஐயர்கள் கொண்டாடிய தலைவர்தான். தாத்தா சாகும்வரை வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டார். அது வேறு விஷயம்.

சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் கிரயப் பத்திரம் எழுதிய கதையை எங்கள் வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை சொல்வார்கள். சின்ன ஐயரைவிடத் தாத்தா பத்து வயசு மூத்தவர். ஆனாலும் அவர் தாத்தாவை 'வாடா, போடா' என்பார். தாத்தா அவரை 'சாமி' என்பார். பத்திர எழுத்தருக்கு இதெல்லாம் தெரியாது. பத்திரத்தின் பாஷை ஒன்றுதான். வாங்குகிறவர் 'தாங்கள்', விற்கிறவர் 'நான்'. அவர் எழுதி முடித்து உரக்க வாசித்தபோது, தங்களுக்கு நான் எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால் என்று சின்ன ஐயர் தாத்தாவைப் பார்த்துச் சொல்வதாக வந்துவிட்டது. தாத்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாராம், பழக்கதோஷம். "சாமி, அந்த வார்த்தையை மாத்தச் சொல்லலாங்களா" என்று கேட்டாராம். எழுத்தர், மாற்றினால் பத்திரம் செல்லாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். செல்லும், தாராளமாகச் செல்லும். புண்ணியவான், பொய் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பத்திரத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம். புத்திர பௌத்திர பாரம்பரியமாக, தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாக, சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பிள்ளை பேரன் என்று வழிவழியாக வைத்துக்கொள், வேண்டாமென்றால் விற்றும் கொள் என்று ஒரே மூச்சில். பெரிய ஐயர் மனை வாங்கிய மூலப் பத்திரத்திலும் இதே வாசகம் உண்டு. பிற்பாடு நாங்கள் விற்றபோது எழுதிக்கொடுத்ததிலும் ஒரு எழுத்து மாறாமல் இதேதான். நான்கெல்லை மட்டும் மாறிக்கொண்டே வரும். வடக்கே இன்ன சாஸ்திரி வீடு என்றிருந்தது அடுத்த பத்திரத்தில் இன்ன கோனார் வீடு என்றாகி, அதற்கடுத்ததில் கூட்டுறவுச் சங்கக் கட்டடம் ஆகிவிட்டது. தெற்கே மட்டும் மூன்றிலும் காவிரி.

நாங்கள் குடிவந்தபோது தெருவில் முணுமுணுப்பு இருந்தது. இருக்கத்தான் செய்யும். தாத்தா அதைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்ல மாட்டேன், நிரம்பவே பொருட்படுத்தினார். ஊஞ்சலில் உட்காராமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். முன்வாசல் திறந்திருக்கும்போதும் கொல்லை வழியாகவே வயலுக்குப் போய்வந்தார். முற்றத்துத் துளசி மாடத்தில் ஐயர் வீட்டு மாமி விட்டுப்போன விளக்கை அப்பாயி ஒரு நாள் தவறாமல் ஏற்றினாள். பக்தியால் இல்லை, ஏற்றாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தால். அங்கே இருந்தவரை இருவரும் அந்த வீட்டில் விருந்தாளிகள் மாதிரிதான் இருந்தார்கள். ஊரும் அதற்கு ஒத்தாசை செய்தது. எங்களுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் விலாசம் 'ஐயர் வீடு' என்றே இருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டபோது நானும் "ஐயர் வீட்டுப் பையன்" என்று சொல்ல, வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அப்பா வேறு ரகம். அவருக்கு ஐயரைப் பார்த்த நினைவு குறைவு. கும்பகோணத்தில் புதிதாக முளைத்த வீடுகளைப் பார்த்த நினைவு அதிகம். தாத்தா 1974-ல் காலமானார். வருஷத் திவசம் முடிந்த மறுமாசம் கொத்தனார் வந்தார். திண்ணை போய் சிமெண்டு படிக்கட்டு வந்தது. செங்கல் பாவிய கூடத்துத் தரையைப் பெயர்த்து மொசைக் போட்டார்கள், மஞ்சளும் கறுப்புமாகச் சில்லு பதித்தது. மெருகேற்றும் மிஷின் ஓடிய நாட்களில் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. மழைக்காலத்தில் நனைகிறது என்று முற்றத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. வீடு இருட்டானது; பகலில் டியூப் லைட் எரிவது வசதியின் அடையாளம் என்றார் அப்பா. பத்தாயத்துக்கு வேலை இல்லை, நெல் மூட்டையாகவே லாரியில் போனது. பலகை பலகையாகப் பிரித்து ஒரு தச்சரிடம் போட்டதில் ஒரு பீரோவும் இரண்டு பெஞ்சும் கிடைத்தன. மீதிப் பலகை அக்கா கல்யாணத்துக்கு விறகு. அந்தச் சமையல் ருசியாக இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

துளசி மாடமும் தப்பவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் எங்கள் கரையோர ஊர்களுக்கு டி.வி. வந்துவிட்டது, கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது 1987-ல்தான். இடையில் ஐந்து வருஷம் நாங்கள் சிங்களச் செய்தி கேட்டபடி ராச்சாப்பாடு சாப்பிட்ட ஜனங்கள். அதற்கு உயரமான ஆண்டெனா வேண்டும். நாற்பதடிக் குழாயை அசையாமல் நிறுத்த வீட்டிலேயே கனமான, ஆழமாக அஸ்திவாரம் போட்ட பொருள் துளசி மாடம்தான். அப்பா நடுவில் துளை போட்டுக் குழாயை இறக்கி சிமெண்டு ஊற்றிவிட்டார். தகட்டிலும் ஒரு ஓட்டை. அப்பாயி அன்று மட்டும் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஆண்டெனாக் குழாய்க்கு விளக்கு ஏற்றினாள்.

பிறகு நடந்தது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். நவீன அரிசி ஆலைகள் வந்தன, ஹல்லர் நின்றது. அப்பாவும் சித்தப்பாக்களும் பாகம் கேட்டார்கள். சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாத நீள வீடு. யாருக்குத் தெரு, யாருக்கு ஆறு? விற்றார்கள்.

வாங்கியவர் பாபநாசம் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் உழைத்த காசு. அவர்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பவரைச் சபுராளி என்பார்கள். எங்கள் தெருவும் அப்படியே கூப்பிட்டது. அக்கிரகாரத்தில் ஒரு பாய் வீடு வாங்குவதா என்று முணுமுணுப்பு எழுந்தது. 1953-ல் கேட்ட அதே முணுமுணுப்பு, அதே வார்த்தைகள் என்று அப்பாயி சொன்னாள். முணுமுணுத்தவர்கள்தான் மாறியிருந்தார்கள். இந்தத் தடவை முன்னணியில் இருந்தது எங்கள் சித்தப்பா. வீடு விற்ற பணத்தில் தன் பங்கை எண்ணி வாங்கி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது.

சபுராளி இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒன்றரை மாச லீவில் வந்தார். ஒவ்வொரு லீவிலும் ஒன்றைக் கட்டினார். முதல் லீவில் மேற்கத்திக் கழிப்பறை, அடுத்ததில் வாசலுக்கு இரும்பு கேட், அதற்கடுத்ததில் நீலக் கண்ணாடி. அப்பாவின் மொசைக்கின் மேலேயே, உடைக்காமல், வழுவழு டைல்ஸ் ஒட்டினார். மொசைக் மறைந்த அன்று அப்பா ஏதோ வேலையாகத் திருவாரூர் போய்விட்டார். ஆனால் துளசி மாடத்தை அந்த மனுஷர் தொடவில்லை. ஆண்டெனாக் குழாயை அறுத்து எடுத்தார், ஓட்டையில் மண் போட்டார், அவர் சம்சாரம் அதில் மருதாணி வைத்தார். தகட்டையும் கழற்றியிருந்ததால் வெயில் பட்டுச் செடி புதராக வளர்ந்தது. தெருப் பெண்கள் ஆடி மாசம் அங்கேதான் இலை பறித்தார்கள், சித்தி உட்பட.

இந்தக் காலத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கும்பகோணம் பஸ்ஸில் ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்கிறார்: "மில்காரர் வீடு இருக்கே, அதுக்கு எதுத்தாப்ல." மில்காரர் என்றால் தாத்தா. முப்பத்தைந்து வருஷம் சொந்தமாக இருந்தபோது ஒரு நாள்கூட அது மில்காரர் வீடாக இருந்ததில்லை. விற்ற பிறகுதான் ஊர் எங்களுக்குப் பட்டா கொடுத்தது. இப்போது ஓட்டலுக்கு ஆட்டோ பிடித்தால், டிரைவர் அந்தப் பித்தளைப் பெயரைக் கேட்டு விழித்துவிட்டு, "ஓ, சபுராளி வீடா" என்பார். சபுராளி இறந்து சில வருஷமாகிறது. உயிரோடு இருந்தவரை அவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. கொல்லைக் கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு மட்டும் இன்றுவரை என் தாத்தா பெயரில். தலைமுறை மூன்று மாறியும் யாரும் பெயர் மாற்ற மனுக் கொடுக்கவில்லை. 1974-ல் செத்தவர் ஓட்டல்காரர்களின் தயவில் தவணை தவறாமல் கரண்டு பில் கட்டிவருகிறார்.

சபுராளியின் மூன்று மகன்களும் வெளிநாட்டில். வீட்டைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி அதைப் பழையபடி ஆக்கும் வேலையில் இறங்கியது. டைல்ஸைப் பெயர்த்தார்கள், கீழே மொசைக் வந்தது. அது போதிய பழசு இல்லை என்று அதையும் பெயர்த்தார்கள். செங்கல் தரை வந்தது. அது பழசுதான், அழகு போதவில்லை. கடைசியில் ஆத்தங்குடியிலிருந்து பூக்கல் தருவித்துப் பதித்தார்கள். காரைக்குடிச் சீமையில் பிறந்த கல்லுக்குக் காவிரிக்கரை அக்கிரகாரத்தில் என்ன வேலை என்று கேட்டால், விருந்தினர்கள் படத்தில் பார்த்துவிட்டு வந்து தேடுகிறார்கள் என்கிறார் மேலாளர். அப்பா உடைத்த திண்ணையைத் திரும்பக் கட்டினார்கள். தூண்கள் காரைக்குடியில் பழைய சாமான் கடையில் எடுத்தவை. பத்தாயம் கேரளத்திலிருந்து வந்தது. அதற்குள் வைஃபை பெட்டியும் இரண்டு தீயணைப்பான்களும் இருக்கின்றன. மருதாணியைப் பிடுங்கித் துளசி நட்டிருக்கிறார்கள். காலையில் மண்சட்டியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். அதே கொல்லையில் தாத்தா குந்தி உட்கார்ந்து தின்ற அதே பண்டம். ஓர் இரவு வாடகை, தாத்தா மொத்த வீட்டுக்கும் கொடுத்த கிரயத்தைவிட அதிகம். ஜி.எஸ்.டி. தனி.

கூடத்துச் சுவரில் மாட்ட வீட்டுப் பழைய புகைப்படம் வேண்டும் என்று என்னிடமும் ஆள் வந்தது. அக்கா கல்யாணப் படம் கொடுத்தேன். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, டியூப் லைட், முன்னால் மஞ்சள் கறுப்பு மொசைக். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எங்கோ பழைய படம் விற்கும் கடையில் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். தலைப்பாகை, கோட்டு, கைத்தடி, பக்கத்தில் பூச்செடி மேஜை. யாரோ ஒரு பெரியவர்.

போன மார்கழியில் நியூஜெர்ஸியிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் தங்கினார். பெரிய ஐயரின் கொள்ளுப்பேரன். பழைய கதை தெரிந்த ஆள் என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது அவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "பாருங்கோ, எங்கப்பா மூக்கு அப்படியே" என்றார். கண் கலங்கியிருந்தது. காரைக்குடித் தூணைத் தடவினார். கேரளப் பத்தாயத்தைத் திறக்கப் பார்த்தார். மேலாளர் ஓடிவந்து தடுத்தார். தூணைப் பற்றியும் படத்தைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. மூக்கு நிஜமாகவே கொஞ்சம் ஒத்துத்தான் போயிற்று.

ஊஞ்சலில் உட்காரச் சொன்னார். பழக்கமில்லை, நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "சபுராளி பசங்க விக்கிற ஐடியால இருக்காளா? வாங்கிடலாம்னு பாக்கறேன். திரும்பவும் ஊர்ல ஐயர் வீடுன்னு பேர் வரணும், அவ்வளவுதான் ஆசை."

"வாங்கினா அந்தப் பேரு வராதுங்க. ஓட்டல் வீடுன்னுதான் சொல்லுவாங்க" என்று எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். "ஐயர் வீடுன்னு பேரு வேணும்னா வாங்கிட்டு, அப்புறம் யாருக்காவது வித்துடணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. "விக்கிறதா இருந்தா எங்க கம்பெனிக்கு முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.